கேட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவில் உடைந்த குடிநீர் லைன்

தெருக் குழாயிலிருந்து வீட்டுச் சம்ப்புக்கு வரும் லைன் ஒழுகினால், தண்ணீர் வீணாகிறதே என்றுதான் முதலில் தோன்றும். அதைவிடப் பெரிய கேடு தண்ணீர் வராத நேரத்தில் நடக்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலான தெருக்களில் குடிநீர் நாளுக்குச் சில மணி நேரமோ, ஒன்றுவிட்டு ஒரு நாளோதான் வருகிறது. வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். சப்ளை நின்றதும் லைன் வடியத் தொடங்கும். பள்ளத்தில் இருக்கும் வீடுகள் மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொள்ள, மேட்டில் உள்ள குழாய்களில் வெற்றிடம் உண்டாகும். அப்போது அதே ஓட்டை ஒரு ஸ்ட்ரா மாதிரி வேலை செய்து, சுற்றி ஊறி நிற்கும் நீரை உள்ளே உறிஞ்சும். அந்த ஈரம் பக்கத்து டிரெய்னேஜ் சேம்பரிலிருந்து கசிந்ததாக இருந்தால், அடுத்த முறை சப்ளை வரும்போது சம்ப்பில் முதலில் விழுவது அதுதான்.

அதனால் ஓட்டையை அடைப்பது பாதி வேலை. அது எந்த மண்ணில், எந்தக் குழாய்க்குப் பக்கத்தில், எதனால் விழுந்தது என்று பார்த்து அந்தக் காரணத்தைச் சரிசெய்வது மீதிப் பாதி. முதல் பாதியை எந்தப் பிளம்பரும் ஒரு காலைப்பொழுதில் முடித்துக் கொடுப்பார். இரண்டாவது பாதியை வீட்டுக்காரர் கேட்டு வாங்க வேண்டும். என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் குழியை ஒரே தடவை தோண்டினால் போதும்.

தோண்டுவதற்கு முன்னால்

லைன் போகும் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். சாலைக்கு அடியில் மெயின் குழாய். அதன்மேல் ஒரு சேடில் (மெயினைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை), சேடிலில் மெயினிலிருந்து தண்ணீர் எடுக்கும் சின்னப் பித்தளை இணைப்பான ஃபெர்ரூல். அங்கிருந்து நடைபாதை வழியாக கேட் வரை சர்வீஸ் பைப். காம்பவுண்டுக்குள் ஒரு வால்வு. சில வீடுகளில் மீட்டரும் இருக்கும். பிறகு சம்ப். ஃபெர்ரூலும் சாலைப் பகுதியும் குடிநீர் வாரியத்தின் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளவை. அங்கே கைவைக்க அனுமதி வேண்டும். சென்னையில் 1916-இல் புகார் பதிவு செய்யலாம், மற்ற ஊர்களில் நகராட்சி குடிநீர்ப் பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்த ஆள் இருக்கிறார் என்று ராத்திரியில் சாலையைத் தோண்டி ஃபெர்ரூலைத் திருகினால், மெயினில் விழும் கசிவு தெருவுக்கே சேரும். இந்தக் கட்டுரை காம்பவுண்டுக்குள் இருக்கும் பகுதியைப் பற்றியது.

லைன் ஒழுகுகிறது என்பதற்கு மூன்று அடையாளங்கள். சப்ளை நாளில் மட்டும் கேட்டருகே மண் ஈரமாகி, மறுநாள் காய்வது. முன்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்த சம்ப் இப்போது நிறையவே மறுப்பது. சப்ளை வந்த முதல் ஐந்து நிமிடம் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்து பிறகு தெளிவது. மூன்றாவது அடையாளம் இருந்தால் அன்றைக்கே குடிநீரைக் கொதிக்கவைக்கத் தொடங்கிவிடுங்கள். குமிழி பொங்கக் கொதித்து குறைந்தது ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். யூவி விளக்கு உள்ள ஃபில்டரை நம்ப வேண்டாம்; கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது.

குற்றவாளி லைனா, சம்ப்பா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. மோட்டாரை நிறுத்தி, உள்வரும் வால்வை மூடி, சம்ப் சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சம்ப்தான் கசிகிறது. இறங்கவில்லை என்றால் லைனைச் சந்தேகப்படலாம். மீட்டர் உள்ள வீட்டில் சப்ளை நேரத்தில் சம்ப்பின் வாயில் இருக்கும் வால்வை மூடிவிட்டு மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவில் ஓட்டை. மீட்டர் இல்லாத வீட்டில் வாளிதான் மீட்டர். கேட்டருகே முதல் குழாயில் 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது, சம்ப்பின் வாயில் எத்தனை நொடியில் நிறைகிறது என்று அடுத்தடுத்து அளந்து எழுதுங்கள். சம்ப்பின் வாய் தாழ்வாக இருப்பதால் அங்கே கொஞ்சம் வேகமாகத்தான் வர வேண்டும். மெதுவாக வந்தால் நடுவில் எங்கோ தண்ணீர் இறங்குகிறது, அல்லது குழாய் உள்ளே துருவால் அடைத்திருக்கிறது.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு சின்னக் கசிவு. மூன்று மணி நேர சப்ளையில் அது 180 லிட்டர். அந்த 180 லிட்டரும் ஒரே இடத்தில் மண்ணை அரித்துக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கேட் ராம்ப் உட்கார்வதும், காம்பவுண்டுச் சுவர் விரிசல் விடுவதும் பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகின்றன.

இன்னொரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. குளோரின் பார்க்கும் சின்ன கிட் கடைகளில் கிடைக்கிறது. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இன்படி குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழாயில் அது இருந்து, உங்கள் சம்ப்பில் விழும் நீரில் இல்லை என்றால், நடுவில் எதோ அழுக்கு குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. ஈரமே தெரியாத கசிவைக்கூட இது காட்டிக்கொடுக்கும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ராத்திரி அமைதியாக இருக்கும்போது, சப்ளை ஓடும் நேரத்தில், ஒரு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலோ வால்விலோ வைத்து மறுமுனையைக் காதருகே பிடியுங்கள். கசிவு 'ஷ்ஷ்' என்று இடைவிடாமல் இரையும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் இந்தச் சத்தம் நன்றாகப் பயணிக்கும். பிளாஸ்டிக் குழாயில் சீக்கிரம் மங்கிவிடும். அங்கே ஒவ்வொரு ஐந்தடிக்கும் கடப்பாரையால் லேசாகக் குத்தி மண்ணின் ஈரத்தைப் பார்ப்பதுதான் வழி. ஒன்று நினைவிருக்கட்டும்: ஈரம் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. களிமண்ணில் தண்ணீர் குழாயை ஒட்டியே பல அடி ஓடி, சிமென்ட் தளம் முடியும் விளிம்பில்தான் மேலே வரும்.

எதனால் உடைந்தது

பழைய வீடுகளில் இருப்பது ஜிஐ. அது முதலில் போவது மரையில், அதாவது திருகு வெட்டிய முனையில். டை வைத்து மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய், இரும்பும் பாதித் தடிமனுக்கு மெலிந்துவிடுகிறது. சாக்கெட்டுக்கு (இரு குழாய்களைச் சேர்க்கும் மரை இணைப்பு) வெளியே தெரியும் இரண்டு மூன்று மரைகள்தான் மண்ணின் உப்பை நேராகச் சந்திக்கும் இடம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு மண் இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்கும். பித்தளை வால்வை ஒட்டிய ஜிஐ முனையும் அப்படித்தான். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் துத்தநாகம் கரையும். கடையில் வாங்கும்போது நிறப்பட்டையைப் பாருங்கள்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. மண்ணுக்குள் மஞ்சள் பட்டைக் குழாயைப் போடவே கூடாது.

ஜிஐ அல்லாத லைன்களில் காரணம் வேறு. கேட்டுக்கு அடியில் அரை அடி ஆழத்தில் போன யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாய் மேல் கார் ஏறி இறங்கி, திருப்பத்தில் உள்ள எல்போவில் விரிசல் விடும். கேபிளுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ தோண்டியவர்கள் கடப்பாரையால் குத்திவிட்டு மண்ணை மூடிப் போயிருப்பார்கள். குழாயின் அடியில் கூரான ஜல்லி இருந்து, மேலே பாரம் விழும்போதெல்லாம் அழுத்தியிருக்கும். வேர்கள் நல்ல குழாயைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே கசியும் மூட்டைத் தேடி வந்து அதை விலக்கும்.

குழியில் குழாய் தெரிந்ததும் அவசரப்பட்டு ஆக்ஸா பிளேடை எடுக்காதீர்கள். உலோகக் குழாய் என்றால் முதலில் டெஸ்டரை வையுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் மின் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். ஏதாவது ஒரு சாதனத்தில் கசிவு மின்சாரம் இருந்தால் அது இந்தக் குழாய் வழியாகத்தான் மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். குழாயை இரண்டாக வெட்டிய நொடியில், ஈரக் குழியில் நின்று இரு முனைகளையும் பிடித்திருப்பவர் வழியாகப் போகும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெட்டுங்கள். அத்தோடு முடியவில்லை. ஜிஐயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டால் வீட்டின் எர்த் அன்றோடு போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் குழி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் போட்ட பிறகே பழைய குழாயை அகற்றுங்கள். பைப் மாற்றும் வேலையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் தனித்தனி ஆட்கள் என்பதால் இருவருக்கும் நடுவில் தவறிவிடுகிறது.

ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா

சப்ளை ஓடிக்கொண்டிருக்கிறது, பிளம்பர் நாளைக்குத்தான் வருவார் என்றால், சைக்கிள் ட்யூபை இரண்டங்குல அகல நாடாவாக வெட்டி, ஓட்டைக்கு அரை அடி முன்னால் தொடங்கி அரை அடி தாண்டும்வரை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே மூன்று ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள். இரண்டு நாள் தாங்கும். எபாக்ஸி புட்டியை ஓடும் தண்ணீரில் அப்பினால் ஒட்டாது. துரு மேல் அப்பினால் துருவோடு பெயர்ந்து வரும். ரப்பர் வைத்த ரிப்பேர் கிளாம்ப் இவற்றைவிட நல்லது, ஆனால் குழாய் உருண்டையாகவும் சுற்றிலும் கெட்டியாகவும் இருந்தால் மட்டுமே.

நிரந்தர வேலைக்கு ஒரு சோதனை போதும். ஓட்டைக்கு இருபுறமும் ஒவ்வொரு அடி தூரம் குழாயைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று இருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். மந்தமாகச் சத்தம் வந்து துரு செதில் செதிலாக உதிர்ந்தால், கேட்டிலிருந்து சம்ப் வரை முழுவதையும் மாற்றுங்கள். அரைகுறையாக மாற்றினால், புது மரை வெட்டும்போது பைப் ரென்ச் கொடுக்கும் முறுக்கில் பக்கத்துப் பழைய மூட்டு விட்டுப்போகும். குழியை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், இருபது வருடம் தாண்டிய ஜிஐ லைனில் ஒட்டு வேலைக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம்.

துண்டு மாற்றும்போது யூனியன் (குழாயைத் திருப்பாமலே கழற்றி மாட்டும் இணைப்பு) இல்லாமல் முடியாது. இரண்டு முனையும் மண்ணில் பிடித்திருக்கும் குழாயை நடுவில் திருக முடியாதல்லவா? கெட்ட பகுதியை இருபுறமும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி, இரு முனையிலும் மரை போட்டு, ஒரு பக்கம் சாக்கெட், புதுத் துண்டு, மறுபக்கம் யூனியன் என்று சேர்க்க வேண்டும். மரை வெட்டும்போது சுவர் நொறுங்கினால் அந்தக் குழாய் மரைக்குத் தகுதியில்லை. ரப்பர் வளையம் உள்ள கம்ப்ரஷன் கப்ளர்தான் வழி. மரையில் சணல் நாரோ டெஃப்லான் டேப்போ எதுவானாலும், திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருக அவிழும். சிவப்பு ஈயப் பூச்சைக் குடிநீர் லைனில் தொடவே வேண்டாம்.

முழுவதும் மாற்றுவதாக இருந்தால் என் தேர்வு எச்டிபிஇ என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய். கறுப்புக் குழாயில் நீலக் கோடு, மேலே ஐஎஸ் 4984 என்ற அச்சு, பிஎன் 10 அழுத்த வகுப்பு. சுருளாக வருவதால் கேட்டிலிருந்து சம்ப் வரை மண்ணுக்குள் மூட்டே இல்லாமல் ஒரே நீளமாகப் போடலாம். மூட்டு இல்லாத இடத்தில் கசிவும் இல்லை. யூபிவிசியும் சிபிவிசியும் மோசமானவை அல்ல. ஆனால் மூன்று மீட்டருக்கு ஒரு மூட்டு விழும், ஒவ்வொரு மூட்டும் ஈரக் குழியில் சொல்யூஷன் பூசி ஒட்ட வேண்டியது. சொல்யூஷனுக்கு உலர்ந்த முனை வேண்டும். பழைய லைனிலிருந்து சொட்டு சொட்டாக நீர் வந்துகொண்டிருந்தால் அந்த ஒட்டு பிடிக்காது, அன்றைக்குப் பிடித்த மாதிரி தோன்றினாலும்.

அளவில்தான் கடைக்காரரும் வாங்குபவரும் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஜிஐயை உள்ளளவை ஒட்டிச் சொல்வார்கள், எச்டிபிஇயை வெளிவிட்டத்தில் சொல்வார்கள். அரை இஞ்ச் ஜிஐக்கு இணை 20 மி.மீ எச்டிபிஇ. முக்கால் இஞ்ச்சுக்கு 25. ஒரு இஞ்ச்சுக்கு 32. 'ஒரு இஞ்ச்னா 25 மில்லி' என்று கேட்டு வாங்கிவந்தால் உண்மையில் முக்கால் இஞ்ச் குழாய் வரும். ஒரே அழுத்தத்தில் ஒரு இஞ்ச்சை முக்கால் இஞ்ச்சாகக் குறைத்தால் வரும் தண்ணீர் ஏறத்தாழ பாதியாகிவிடும். மூன்று மணி நேர சப்ளையில் குறையும் அந்தப் பாதியைத்தான் லாரித் தண்ணீராக வாங்க வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு மீட்டர் லைனுக்குத் தேவைப்படுபவை: 32 மி.மீ எச்டிபிஇ 14 மீட்டர், கம்ப்ரஷன் வகை ஆண் மரை (வெளிப்பக்க மரை) அடாப்டர் இரண்டு, கேட்டருகே ஒரு யூனியனும் ஒரு பித்தளை கேட் வால்வும், சம்ப் வாயில் ஒரு வால்வு, ஒரு என்ஆர்வி (தண்ணீரைப் பின்னோக்கிப் போகவிடாத வால்வு), சேம்பர் தாண்டும் இடத்துக்கு 75 மி.மீ பிவிசி மூன்று மீட்டர், டெஃப்லான் டேப் இரண்டு ரோல். மணல் அரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). சுற்றிச் சுற்றி மெதுவாக மூடும் கேட் வால்வைத்தான் எழுதியிருக்கிறேன். பால் வால்வைப் பட்டென்று மூடினால் ஓடும் தண்ணீர் முட்டி லைன் அதிரும்.

குழி

ஒன்றரை அடி அகலம், கார் போகும் இடத்தில் இரண்டு அடிக்குக் குறையாத ஆழம். அடியில் நான்கு அங்குலம் மணல் அல்லது எம்-சாண்ட், குழாய், அதன்மேல் அரை அடி மணல், பிறகு தோண்டிய மண். பன்னிரண்டு மீட்டருக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 50 கன அடி மணல் பிடிக்கும். அரை யூனிட் என்று சொன்னது அதனால்தான். உடைந்த செங்கல்லையும் டைல்ஸ் துண்டையும் குழிக்குள் தள்ளிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று தடுங்கள்.

டிரெய்னேஜ் லைன் எங்கே என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அரசு குடிநீர்ப் பொறியியல் கையேடு, குடிநீர் மெயினும் கழிவுநீர்க் குழாயும் பக்கவாட்டில் 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும், குறுக்கிடும் இடத்தில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே போக வேண்டும் என்கிறது. இருபது அடி அகல மனையில் 3 மீட்டருக்கு எங்கே போவது? அங்கே செய்யக்கூடியது இதுதான்: இரண்டுக்கும் தனித்தனிக் குழி, குடிநீர் எப்போதும் மேலே. குறுக்கிடும் இடத்தில் இருபுறமும் ஒன்றரை மீட்டர் நீளும்படி குடிநீர்க் குழாயை 75 மி.மீ பிவிசிக்குள் நுழைத்துப் போடுவது. அந்த மூன்று மீட்டருக்குள் ஒரு மூட்டுகூட இருக்கக் கூடாது. பழைய வீடுகளில் குடிநீர்க் குழாய் டிரெய்னேஜ் சேம்பரின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரில் வெளியேறும். சேம்பர் அடைத்து நிறையும்போதெல்லாம் குழாய் சாக்கடையில் மூழ்கும். மூடியைத் திறந்து உங்கள் சேம்பரைப் பாருங்கள். அப்படி இருந்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் அந்தப் பாதையை மாற்றியே தீர வேண்டும்.

எச்டிபிஇ சுருளைக் காலையிலோ மாலையிலோ விரித்துப் போடுங்கள். இந்தப் பிளாஸ்டிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.2 மி.மீ நீளும், சுருங்கும். நடுப்பகல் வெயிலில் காய்ந்த குழாயை இழுத்துக் கட்டிப் பொருத்தினால், மண்ணுக்குள் போய் 20 டிகிரி குளிர்ந்ததும் பன்னிரண்டு மீட்டருக்கு ஐந்து செ.மீ அளவு குறையும். கப்ளருக்குள் இருக்கும் முனை அந்த இழுப்பில் நழுவும். குழிக்குள் லேசாக வளைந்து வளைந்து போகட்டும், இறுக்க வேண்டாம். வளைவுக்கு 80 செ.மீ ஆரமாவது கொடுங்கள். கையால் மடக்கி நசுங்கிய குழாயை வெட்டி எறிய வேண்டியதுதான்.

கம்ப்ரஷன் மூட்டைப் பொருத்துவதில் அவசரம்தான் கெடுக்கும். குழாயை நேராக வெட்டுங்கள், சாய்வாக வேண்டாம். வெளி விளிம்பைக் கத்தியால் சீவிச் சரிவாக்குங்கள். கூரான விளிம்பு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை வெட்டிவிடும், அந்த வெட்டு வெளியே தெரியாது. கப்ளரைப் பக்கத்தில் வைத்து எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று குழாயில் மார்க்கரால் கோடு போடுங்கள். நட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, முனையில் சோப்புத் தண்ணீர் தடவி, கோடு மறையும்வரை தள்ளுங்கள். ரப்பர் வளையம் வந்ததும் ஒரு தடுப்பு தெரியும். பலர் அதையே முடிவு என்று நினைத்து நிறுத்தி நட்டை இறுக்கிவிடுகிறார்கள். முதல் அழுத்தத்தில் குழாய் பிடுங்கிக்கொண்டு வரும். வளையத்தைத் தாண்டி இன்னொரு தள்ளு தள்ள வேண்டும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப் போகும். பிவிசி சொல்யூஷன் எச்டிபிஇயில் ஒட்டவே ஒட்டாது, எவ்வளவு பூசினாலும்.

ஜிஐயும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் ஒரு விதி: பிளாஸ்டிக் ஆண் மரையாக, இரும்பு பெண் மரையாக இருக்கட்டும். ஜிஐயின் ஆண் மரை கூம்பு மாதிரிச் சரிந்தது. பிளாஸ்டிக் பெண் மரைக்குள் திருகத் திருக ஆப்பு அடித்த மாதிரி அதைப் பிளக்கும். வேறு வழியில்லை என்றால் உள்ளே பித்தளை வைத்த எஃப்டிஏ (பெண் மரை அடாப்டர்) வாங்குங்கள்.

சம்ப்பின் வாயில் இரண்டு விஷயம். உள்வரும் குழாயின் முனை, சம்ப் நிறைந்த மட்டத்துக்கு மேலே திறந்த வெளியில் முடிய வேண்டும். அழுத்தம் போதாமல் முனையைச் சம்ப்பின் அடிவரை இறக்கியிருக்கும் வீடுகளில், சப்ளை நின்றதும் சம்ப்பு நீர் பின்னோக்கித் தெருவுக்குப் போகும். அங்கே என்ஆர்வி கட்டாயம். சப்ளை லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது தடைசெய்யப்பட்டது, பிடிபட்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிட முக்கியம், அந்த உறிஞ்சல் உங்கள் லைனில் உள்ள ஒவ்வொரு பலவீனமான மூட்டையும் சாக்கடை வாயாக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அழுத்தம் குறைவான தெருவில், லைன் தானாக இறங்கி விழும்படி தாழ்வான ஒரு சின்னத் தொட்டி கட்டி, அதிலிருந்து மோட்டார் எடுப்பதே முறை.

மண் மூடுவதற்கு முன்

சோதிக்காமல் ஒரு கூடை மண்கூடப் போட விடாதீர்கள். பிளம்பரிடம் கை பிரஷர் பம்ப் இருந்தால், தெருப் பக்க யூனியனைக் கழற்றிப் பிளக் போட்டு, சம்ப் முனையில் பம்ப்பை மாட்டி, காற்று முழுவதும் வெளியேறியதும் சதுர செ.மீ.க்கு ஐந்து கிலோ வரை ஏற்றுங்கள். பிளாஸ்டிக் குழாய் முதலில் கொஞ்சம் விரிவதால் முள் சற்று இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம். அரை மணி கழித்து மறுபடி ஐந்துக்கு ஏற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். பம்ப் கிடைக்காவிட்டால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் இறக்கி லைனில் மாட்டுங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ அழுத்தம். நம் தெருக்களில் பல நாள் வருவது அதைவிடக் குறைவுதான். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த செய்தித்தாளால் ஒற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தெருப் பக்கத்தை வால்வால் மூடினால் போதாது, கழற்றியே ஆக வேண்டும். பழைய வால்வுகள் விடும். தொட்டித் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் போய்விடும்.

பிறகு அளவு டேப் ஒன்றைக் குழாய் மேல் நீட்டி வைத்துப் போட்டோ எடுங்கள். காம்பவுண்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டு மூலையிலிருந்து எவ்வளவு, எவ்வளவு ஆழம் என்று எழுதி மின்மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடியுங்கள். குழாய்க்கு ஓரடி மேலே நீல நிற எச்சரிக்கை டேப் போட்டால் அடுத்துக் கடப்பாரை போடுபவருக்குத் தெரியும்.

கிருமிநீக்கத்தைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. குழிச் சேறு குழாய்க்குள் போயிருக்கும் என்பதால் இதை விடக் கூடாது. பன்னிரண்டு மீட்டர் 32 மி.மீ குழாய்க்குள் ஏழரை லிட்டர்தான் பிடிக்கும். பத்து லிட்டர் தண்ணீரில் 2 கிராம், அதாவது அரை டீஸ்பூன் அளவு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கேட்டருகே யூனியன் வழியாக ஊற்றி, சம்ப் வால்வை மூடி ஒரு நாள் நிறுத்துங்கள். 25 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு இது. திறந்து வைத்துக் கட்டி தட்டிய பவுடரில் சத்து இருக்காது.

சம்ப்பையும் காலி செய்து கழுவுங்கள். இறங்குவதற்கு முன் மூடிகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். மேலே ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளே டீசல், பெட்ரோல் பம்ப்பை இறக்கவே கூடாது. உள்ளே இறங்கியவர் மயங்கினால் அவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து போகிறார் என்பதைச் செய்திகளில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். சுவரைத் தேய்க்க 20 லிட்டர் வாளிக்கு 16 கிராம் பவுடர், கையுறையோடு. தேய்த்த நீரை இறைத்துக் கொட்டிவிட்டுச் சம்ப்பை நிரப்புங்கள். 5,000 லிட்டர் நிறைந்ததும் 20 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் கிடைக்கும்.

அடுத்த சப்ளையில் முதல் பத்து நிமிடத் தண்ணீரைச் சம்ப்புக்கு விடாமல் வெளியே கழித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வாளிச் சோதனை, குளோரின் சோதனை இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். கேட்டிலும் சம்ப்பிலும் வாளி நிறையும் நேரம் சரியாக இருந்து, ஆனால் இரண்டுமே பக்கத்து வீட்டைவிட மெதுவாக இருந்தால், அடைப்பு ஃபெர்ரூலிலோ நடைபாதைக்கு அடியிலோ இருக்கிறது. பக்கத்து வீட்டில் குளோரின் இருந்து உங்கள் கேட்டிலேயே இல்லை என்றாலும் கோளாறு அதே பகுதியில்தான். அந்த அளவுகளைத் தேதியோடு எழுதிப் புகாருடன் இணைத்துக் கொடுங்கள். வெறும் 'தண்ணி சரியா வரல' என்ற புகாரைவிட, எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்லும் புகாருக்கு ஆள் சீக்கிரம் வருவார்.